"நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்" – பாதியில நிக்கிற ரிப்பேர் வேலையை முடிக்க வைக்கிறது எப்படி

வீட்டு வேலை முடிஞ்சு குடி வந்தாச்சு, ஒரு குறை கண்ணுல படுது, காண்ட்ராக்டர்கிட்ட சொல்றீங்க, அவரும் மறுக்கல, ஆள் அனுப்புறார், வந்தவங்க சுவரைக் கொத்திப் போட்டுட்டு "கலவை காயணும் சார், ரெண்டு நாள்ல வர்றோம்"னு போனவங்கதான், அதோட சரி. முன்னாடி ஈரத் திட்டு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ ஈரத் திட்டும் இருக்கு, கொத்தின சுவரும் இருக்கு, ஹால் ஓரத்துல அரை மூட்டை மணலும் கிடக்கு. போன் பண்ணா "நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்".

நான் கொஞ்ச வருஷம் காண்ட்ராக்டர் பக்கம் சைட் சூப்பர்வைசரா இருந்தவன், அப்புறம் சொந்த வீட்டுக்காரனா இதே வசனத்தைக் கேட்டவன். ரெண்டு பக்கமும் நின்னு பார்த்ததுல சொல்றேன், இந்த மாதிரி வேலை இழுத்துக்கிட்டே போறதுக்கு பெரும்பாலும் காரணம் "முடிஞ்சது"ங்கிற வார்த்தைக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறதுதான். மேஸ்திரிக்கு பூசிட்டா முடிஞ்சது. பெயிண்டருக்கு ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சது. உங்களுக்கு ஈரம் திரும்ப வராம இருந்தாதான் முடிஞ்சது. அதனால புகார் எழுதும்போதே, எந்த சோதனையில தேறினா வேலை முடிஞ்சதா ஒத்துக்குவோம்னு சேர்த்து எழுதிடுங்க. கீழ சொல்றது எல்லாமே இதைச் சுத்தித்தான்.

முதல்ல அவங்க ஏன் வர்றதில்லைன்னு தெரிஞ்சுக்கணும், இல்லேன்னா கோபத்துலயே பாதி சக்தி போயிடும். ரீவொர்க்னா, அதாவது பண்ணின வேலையைத் திரும்பச் சரி பண்றதுன்னா, காண்ட்ராக்டருக்கு கைக்காசு, வரவு கிடையாது. அது போக உங்க வீட்டு வேலை நாலு பேரோட அரை அரை நாள் வேலை. பிளம்பருக்கு ஒரு மணி நேரம், கொத்தனாருக்கு அரை நாள், டைல்ஸ்காரருக்கு ரெண்டு மணி நேரம், பெயிண்டருக்கு அரை நாள். இவங்க எல்லாரும் இப்போ வேற சைட்ல முழு நாள் கூலிக்கு நிக்கிறாங்க. ரெண்டு மணி நேர வேலைக்கு யாரும் முழு நாள் சம்பளத்தை விட்டுட்டு வரமாட்டாங்க, காண்ட்ராக்டரும் கேட்கத் தயங்குவார், அதான் "நாளைக்கு". இதுக்கு நீங்க தினம் பத்து தடவை போன் அடிச்சாலும் பலன் இருக்காது. எல்லாத்தையும் ஒரே கட்டா சேர்த்து, யார் எப்போ வரணும்னு வரிசை போட்டுக் கொடுத்தாதான் அவருக்கு ஆள் ஒதுக்கவே முடியும்.

அதனால போனை வெச்சுட்டு ஒரு நோட்டு, சாக்பீஸ், பென்சில், ஒரு நாணயம், ஒரு ஜக்கு தண்ணி எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்துங்க. நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்துல. டைல்ஸை நாணயத்தால தட்டிப் பாருங்க, நல்லா ஒட்டின டைல் 'டக்'குனு கெட்டியா கேட்கும், அடியில கலவை இல்லாதது பொக்குன்னு கேட்கும், அதுல சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி. ஒரு மூலையில மட்டும் லேசா பொக்குன்னா பெருசு பண்ணாதீங்க, முழு டைலும் பொக்குன்னா நாளைக்கு ஒரு பாத்திரம் விழுந்தாலே உடையும், அதை லிஸ்ட்ல ஏத்துங்க. பாத்ரூம் தரையில ஜக்குத் தண்ணியை தூர மூலையில ஊத்துங்க. வாட்டம் சரியா இருந்தா அதுவா ட்ரெயினை (தண்ணி வெளியேறுற வாய்) தேடிப் போகும். பொதுவா ஒரு மீட்டருக்கு 10 லேர்ந்து 12 மி.மீ. இறக்கம் இருந்தா போதும். பத்து நிமிஷம் கழிச்சும் ஒரு இடத்துல தேங்கி நின்னா அந்த இடத்தைச் சுத்தி சாக்பீஸ் கோடு போட்டு, ஸ்கேல் வெச்சு ஆழத்தோட ஒரு போட்டோ.

விரிசலுக்கு வேற முறை. ரெண்டு நுனியிலயும் பென்சிலால சின்னக் கோடு போட்டு பக்கத்துலயே தேதி எழுதுங்க. மூணு நாலு வாரம் கழிச்சு விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தா அது வளருது, அதை பட்டி வெச்சு மூடுறது கண்துடைப்பு. தலைமுடி கனத்துல, அசையாம, பூச்சுல மட்டும் இருக்கிற விரிசல் அழகுப் பிரச்சனைதான். ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா ஓடுறது, படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியா இறங்குறது, 5 மி.மீ.க்கு மேல அகலமானது, பீம்லயோ பில்லர்லயோ வர்றது, இதுக்கெல்லாம் காண்ட்ராக்டர் சொல்ற சமாதானத்தைக் கேட்டு நேரத்தைப் போக்காம ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூப்பிட்டுடுங்க.

இனி ஈரம். புகார் திரும்பத் திரும்ப வர்றதே இதுலதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

என் வீட்டுல பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவர்ல தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துக்கு பெயிண்ட் குமிழ் குமிழா எழும்புச்சு, நகத்தால சுரண்டினா உள்ள வெள்ளையா உப்பு பூத்திருக்கு. ஆள் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, கலர் அடிச்சுட்டுப் போனாங்க. ரெண்டு மாசத்துல திரும்ப வந்துச்சு, திரும்ப அடிச்சாங்க. மூணாவது தடவை நான் பெயிண்டரை உள்ளயே விடல. "அண்ணே, உங்க வேலையில குறை இல்ல, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம இதுக்கு மேல கலர் அடிக்க வேண்டாம்"னேன். அவரே சொன்னார், "நானும் அதைத்தான் சார் மேஸ்திரிகிட்ட சொன்னேன், அடிச்சுட்டு வான்னாங்க".

பாத்ரூமை ஒட்டின சுவருக்கு தண்ணி வர்ற வழி பொதுவா மூணுதான். ஒண்ணு, பிரஷர்ல இருக்கிற சப்ளை பைப். இது நீங்க குளிச்சாலும் குளிக்காட்டியும் 24 மணி நேரமும் கசியும். வீட்டுல எல்லா குழாயையும் மூடிட்டு, ராத்திரி மீட்டர் ரீடிங்கையோ டேங்க்ல தண்ணி மட்டத்தையோ குறிச்சு வெச்சு காலையில பாருங்க, யாருமே புழங்காம குறைஞ்சிருந்தா சந்தேகம் சப்ளை லைன் மேல (ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம ஒழுகுதான்னு முதல்ல பார்த்துக்குங்க, நான் அதுல ஒரு நாள் ஏமாந்தேன்). பிளம்பர்கிட்ட பிரஷர் கேஜ் மாட்டச் சொன்னா முள் இறங்குறதை வெச்சே சொல்லிடுவார். ரெண்டாவது, கழிவு பைப்போ ட்ரெயின் வாயைச் சுத்தின இணைப்போ. இது புழங்கினா மட்டும் கசியும், ஒரு வாரம் அந்த பாத்ரூமை மூடி வெச்சா ஈரம் மெதுவா பின்வாங்கும். மூணாவது, தரையில வாட்டர்ப்ரூஃபிங் (தண்ணி இறங்காம இருக்க டைலுக்கு அடியில அடிக்கிற கோட்டிங்) போனது.

மூணாவதுக்கு சோதனை தண்ணி கட்டி நிறுத்துறது. ட்ரெயினை அடைச்சுட்டு, வாசப்படியில சின்னத் தடுப்பு வெச்சு, ஒண்ணுலேர்ந்து ரெண்டு இஞ்சுக்கு தண்ணி நிரப்பி, சுவர்ல நீர்மட்டத்தை பென்சிலால குறிச்சுட்டு குறைஞ்சது 24 மணி நேரம், முடிஞ்சா 48 மணி நேரம் விடுங்க. "ஆவியாயிடுச்சு சார்"னு ஒரு பதில் கண்டிப்பா வரும், அதுக்குத்தான் அதே ரூம்ல அகலமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுலயும் தண்ணி ஊத்தி மட்டம் குறிச்சு வைக்கிறது. டப்பாவுல ஒரு மி.மீ. குறைஞ்சு தரையில எட்டு மி.மீ. குறைஞ்சிருந்தா, அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு. தண்ணியை இறக்கிட்டு ட்ரெயினைச் சுத்தி கொத்திப் பார்த்தா, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ட்ரெயின் விளிம்புக்கு ஒரு விரல் முன்னாடியே நின்னு போயிருக்கு. ஒரு விரல். அதுக்கு ரெண்டு தடவை பெட்ரூம் பெயிண்ட்.

இதுல முக்கியமான ஒண்ணு, தண்ணி கட்டுற சோதனையை ரெண்டு தடவை பண்ணணும். குறையைக் கண்டுபிடிக்க ஒரு தடவை, சரி பண்ணின கோட்டிங் காய்ஞ்சதும் டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. டைல் போட்டு மூடினப்புறம் சோதிச்சா, தேறலேன்னா திரும்ப உடைக்கணும், உடைக்கணும்னு வந்தா யாரும் ஒத்துக்கமாட்டாங்க. கோட்டிங் ரெண்டு கோட் வேணும், தரையோட நிக்காம சுவர்ல ஒரு அடி உயரம் ஏறியிருக்கணும், ஷவர் பக்கம் அதுக்கும் மேல. மூலைகள்லயும் ட்ரெயின் வாயிலயும் கோட்டிங்கோட வலைத்துணி வெச்சு அடிச்சாங்களான்னு நின்னு பாருங்க, போட்டோ எடுங்க.

கசிவை அடைச்ச மறுநாளே சுவர் காயாது. செங்கல் சுவர் முழுசா காய மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள ஈரம் தெரியுதுன்னு சண்டைக்குப் போகாதீங்க, அதேசமயம் "காயட்டும் சார்"ங்கிறதை வெச்சு அவங்க உங்களை ஆறு மாசம் ஓட்டவும் விடாதீங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட்டை சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரமாவது கழிச்சு பிரிச்சுப் பாருங்க. உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தா இன்னும் ஈரம் வெளிய வருது, பெயிண்டருக்கு வேலை இல்ல. காய்ஞ்சிருந்தா கூப்பிடலாம். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை இதைப் பண்ணி போட்டோ வெச்சுக்கிட்டா, ஈரம் குறையுதா அப்படியே நிக்குதான்னு யாருடைய வாய்வார்த்தையும் இல்லாம தெரிஞ்சுடும்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். ஒவ்வொரு குறைக்கும் நம்பர் போடுங்க. எந்த ரூம், எந்த சுவர், என்ன குறை, எப்போ முதல்ல சொன்னீங்க, யார் வந்து என்ன பண்ணினாங்க, இன்னும் என்ன பாக்கி, எதுல தேறினா முடிஞ்சது. "பாத்ரூம் சரியில்ல"ன்னு எழுதினா அது புலம்பல். "4. பெரிய பாத்ரூம், ட்ரெயின் ஓரம் கோட்டிங் பாக்கி, 48 மணி நேரம் தண்ணி கட்டி பெட்ரூம் பக்கம் ஈரம் வரலேன்னா முடிந்தது"ன்னு எழுதினா அது வேலை, மேஸ்திரி படிச்சாலும் புரியும்.

இந்த லிஸ்ட்ல புது ஆசைகளைச் சேர்க்காதீங்க. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. "அப்படியே அந்த ஷெல்ஃபையும் கொஞ்சம் நகர்த்திடுங்க", "இந்தக் கலர் மனசுக்குப் பிடிக்கல"ன்னு ரெண்டு ஐட்டம் உள்ள நுழைஞ்சா போதும், காண்ட்ராக்டர் அந்த ரெண்டைப் பிடிச்சுக்கிட்டு "ஓனர் தினம் ஒண்ணு கேட்குறார்"னு மொத்த லிஸ்ட்டையும் ஓரங்கட்டிடுவார். நான் சூப்பர்வைசரா இருந்தப்போ நாங்களே இதைப் பண்ணியிருக்கோம். புது வேலை வேணும்னா தனி பேப்பர், தனி காசு.

லிஸ்ட் ரெடியானதும் காண்ட்ராக்டரை ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்க. மேஸ்திரி இல்ல, முடிவெடுக்கிற ஆள். சேர்ந்து நடந்து ஒவ்வொரு நம்பரையும் காட்டுங்க. சிலதை அவர் மறுப்பார், "இது நாங்க பண்ணினது இல்ல, நீங்க ஏ.சி. மாட்டின ஆளு ஓட்டை போட்டது"ன்னு. அது உண்மையா இருக்கவும் வாய்ப்பு உண்டு, யோசிச்சு ஒத்துக்குங்க, ரெண்டு விட்டுக் கொடுத்தா மீதி பத்துக்கு கையெழுத்து சீக்கிரம் விழும். மறுத்ததை அடிக்காம பக்கத்துல 'கருத்து வேறுபாடு'ன்னு மட்டும் எழுதி விடுங்க. கடைசில ரெண்டு பேரும் கையெழுத்து, தேதி. கையெழுத்து போடத் தயங்கினா பரவாயில்ல, அவர் கிளம்பின அரை மணி நேரத்துல "இன்னைக்கு நேர்ல பார்த்து பேசினது இதுதான், மாத்தம் இருந்தா ரெண்டு நாள்ல சொல்லுங்க"ன்னு லிஸ்ட்டோட வாட்ஸாப்லயும் மெயில்லயும் அனுப்பிடுங்க. போன்ல பேசினது எதுவா இருந்தாலும் பேசி முடிச்சதும் ரெண்டு வரி மெசேஜ், இதைப் பழக்கமாக்கிக்குங்க.

வரிசையும் நீங்களே போட்டுக் கொடுங்க, தண்ணி சம்பந்தப்பட்டது முதல்ல, கலர் கடைசி. பிளம்பர், அப்புறம் கோட்டிங், தண்ணி கட்டுற சோதனை, டைல், பூச்சு, பூச்சுக்கு ஒரு வாரமாவது நனைச்சு க்யூரிங், அது காய்ஞ்சப்புறம் பட்டி, ப்ரைமர், பெயிண்ட். புது சிமென்ட் பூச்சு மேல கலர் அடிக்க சுமார் 28 நாள் விடுறது நல்லது, அவசரப்பட்டா அதே குமிழ் திரும்ப வரும். அப்போ மொத்த வேலையும் ஒரு வாரத்துல முடியாது, ஒன்றரை மாசம் ரெண்டு மாசம்னு ஒத்துக்கிட்டு, ஆனா ஒவ்வொருத்தரும் வரவேண்டிய தேதியை எழுதி வாங்குங்க. அவங்க வர்ற அன்னைக்கு ரூமைக் காலி பண்ணி, சாமானை மூடி, வீட்டுல ஒரு ஆள் இருங்க. பூட்டின கதவைப் பார்த்துட்டு திரும்பிப் போன மேஸ்திரியை திரும்பக் கூட்டி வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், நானே அப்படித் திரும்பிப் போனவன்.

பணம். வேலை ஆரம்பிக்கும்போதே பேசிக்கிட்டு, பில் தொகையில 5 லேர்ந்து 10 சதவீதம் குறை திருத்தும் காலம் முடியிற வரைக்கும் நிறுத்தி வைக்கிறது கட்டுமான ஒப்பந்தங்கள்ல சகஜம், அந்தக் காலமும் பல ஒப்பந்தங்கள்ல ஒரு வருஷம்னு இருக்கும், உங்க அக்ரிமெண்ட்ல என்ன இருக்குன்னு முதல்ல எடுத்துப் படிங்க. பாக்கி உங்க கையில இருந்தா மொத்தத்தையும் முடக்காதீங்க. குறையைச் சரி பண்ண ஆகுற செலவுக்கு ஏத்த அளவு நிறுத்திட்டு, "4, 5, 6 முடிஞ்சா இவ்வளவு, 7 முடிஞ்சா மீதி"ன்னு பிரிச்சு எழுதுங்க. மொத்தமா நிறுத்தினா அவருக்கு வர எந்த ஆசையும் இருக்காது, நாளைக்கு பஞ்சாயத்துன்னு வந்தா "காசே குடுக்கல, எப்படி வேலை செய்யறது"ன்னு அவர் பக்கம் நியாயம் சாஞ்சுடும். பாக்கியே இல்ல, முழுசா குடுத்துட்டீங்கன்னா கொஞ்சம் கஷ்டம்தான், அப்போ உங்க கையில இருக்கிறது பேப்பர் மட்டும், அதனால பேப்பரை இன்னும் கெட்டியா வெச்சுக்கணும். "ஒரு அட்வான்ஸ் போடுங்க, ஆள் இறக்கிடறேன்"னா போடாதீங்க. அவங்க குறையைத் திருத்த அவங்களுக்கே அட்வான்ஸ் எதுக்கு?

தேதி தாண்டியும் வரலேன்னா எழுத்துல கடைசி வாய்ப்பு. திட்டாம, நீளமா இல்லாம, இந்த மாதிரி:

"வணக்கம். இந்தத் தேதியில நாம சேர்ந்து பார்த்து ஒத்துக்கிட்ட 9 குறைகள்ல 1, 2, 3 முடிஞ்சது. 4 லேர்ந்து 9 வரை பாக்கி. நீங்க சொன்ன தேதிகள்ல ஆள் வரல. பாக்கி வேலையை இன்னையிலேர்ந்து 15 நாளுக்குள்ள ஆரம்பிச்சு, இணைச்சிருக்கிற அட்டவணைப்படி முடிச்சுத் தரணும்னு கேட்டுக்கிறேன். எந்த நாள்ல வந்தாலும் வீடு திறந்திருக்கும். ஆரம்பிக்கலேன்னா வேற ஆளை வெச்சு முடிச்சு, அந்தச் செலவை நிறுத்தி வெச்ச தொகையிலேர்ந்து கழிச்சுக்குவேன், பத்தலேன்னா மீதியை உங்ககிட்ட கேட்பேன். போட்டோவும் லிஸ்ட்டும் இணைச்சிருக்கேன்."

செலவைக் கழிச்சுக்குவேன்னு எழுதுறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்ல அதுக்கு இடம் இருக்கான்னு பார்த்துக்குங்க. இதை அனுப்பினதுக்கு அத்தாட்சி இருக்கிற வழியில அனுப்புங்க, ஸ்பீட் போஸ்ட்டும் மெயிலும் ரெண்டுமே. பாதிப்பேர் இந்த லெட்டருக்கே வந்துடுவாங்க, லெட்டர் பயம் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் இதுல அவருக்குத் தேவையான லிஸ்ட், தேதி, காசு மூணும் ஒரே பக்கத்துல இருக்கு.

வரல. அப்பவும் உடனே வேற ஆளை இறக்கி கொத்த விட்டுடாதீங்க. கொத்தினதும் சாட்சி போச்சு. முதல்ல சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை வெச்சு பார்த்து, குறை என்ன, காரணம் என்ன, சரி பண்ண என்ன ஆகும்னு கையெழுத்தோட ரிப்போர்ட் வாங்குங்க. ரெண்டு பேர்கிட்ட ஐட்டம் வாரியா கொட்டேஷன். கொத்தும்போது ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டோ, வீடியோ, ட்ரெயின் ஓரம் கோட்டிங் இல்லாத இடத்துல ஸ்கேல் வெச்சு ஒரு படம். எடுத்த உடைஞ்ச இணைப்பு, விரிசல் விட்ட பைப் துண்டு எதையும் தூக்கிப் போடாம பையில போட்டு தேதி எழுதி வைங்க. வாட்டர்ப்ரூஃபிங்குக்கு கம்பெனி வாரண்டி இருந்தா, வேற ஆள் கை வெச்சா அது செல்லுமான்னு முன்னாடியே படிச்சுக்குங்க. செலவு பண்ணும்போது அதே தரத்துல சரி பண்ற செலவு மட்டும்தான் அவர் தலையில வரும், இதுதான் சாக்குன்னு ஒசத்தி டைலுக்கு மாறினா அந்த வித்தியாசம் உங்க காசு.

ஆனா ஓடுற தண்ணி, கரண்ட் பக்கத்துல கசிவு, விழுற மாதிரி தொங்குற பூச்சு, இதுக்கெல்லாம் 15 நாள் காத்திருக்க வேண்டாம். படம் எடுத்து, மெசேஜ் போட்டுட்டு அன்னைக்கே ஆபத்து இல்லாத அளவுக்கு நிறுத்திடுங்க, நிரந்தர ரிப்பேரை அப்புறம் பார்த்துக்கலாம்.

இதுக்கு மேல போறதுன்னா மத்தியஸ்தர், நுகர்வோர் குறைதீர் ஆணையம், கோர்ட்டுன்னு அந்தந்த இடத்துச் சட்டப்படி வழி இருக்கும், கேஸ் போட காலக்கெடுவும் இருக்கும், அதனால "பார்ப்போம் பார்ப்போம்"னு வருஷத்தை ஓட்டாம ஒரு வக்கீல்கிட்ட ஃபைலைக் காட்டிடுங்க. மேல சொன்னதெல்லாம் பண்ணியிருந்தா ஃபைல் ஏற்கனவே ரெடி. அதுக்குள்ள அவர் பேரைப் போட்டு ஊர் முழுக்க திட்டி எழுதுற ஆசை வரும், வேண்டாம், அவர் வந்து முடிச்சுக் கொடுக்க இருக்கிற கொஞ்ச நஞ்ச மனசும் போயிடும், வம்பு வழக்கு உங்க மேல திரும்பவும் வாய்ப்பு உண்டு.

வேலை முடிஞ்சுதுன்னு கூப்பிடுற அன்னைக்கு ஒரு விஷயம். பெரும்பாலும் சாயங்காலமா, ஆளுங்க சாமானை மூட்டை கட்டிக்கிட்டே "பார்த்துக்குங்க சார், கையெழுத்து போட்டுடுங்க"ன்னுவாங்க. போடாதீங்க. மறுநாள் வெளிச்சத்துல அதே நாணயம், அதே ஜக்கு, அதே பென்சில் கோடு. லிஸ்ட்ல நம்பர் நம்பரா டிக் பண்ணி, அந்த டிக்குக்கு மட்டும் காசு. கையெழுத்து போடுற பேப்பர்ல "குறை எதுவும் இல்லை"ன்னு பொத்தாம் பொதுவா எழுதியிருந்தா அடிச்சுட்டு, "இந்த 9 ஐட்டமும் சோதிச்சுப் பார்க்கப்பட்டது, இவற்றுக்கான உத்தரவாதம் இன்னையிலேர்ந்து மறுபடி ஆரம்பம்"னு எழுதச் சொல்லிக் கேளுங்க, ஒத்துக்கலேன்னா எத்தனை மாசத்துக்கு ஒத்துக்கிறாரோ அதையாவது எழுதி வாங்குங்க. மீந்த டைல்ஸ் அரை பெட்டி, பெயிண்ட் ஷேட் நம்பர், மூடுறதுக்கு முன்னாடி எடுத்த பைப் போட்டோ, மூணையும் அந்த ஃபைலோடவே வைங்க. மணல் மூட்டையை அவங்களையே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க, அதையும் லிஸ்ட்ல 10ஆவது ஐட்டமா முதல்லயே எழுதியிருக்கணும், நான் எழுத மறந்து மூணு மாசம் தடுக்கி விழுந்துக்கிட்டு இருந்தேன்.